தண்ணீர் போகிற வரிசையில் முப்பத்தெட்டுப் பெயர்கள்

பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கும் வேலையில் முதல் சங்கடம், வகுப்பில் இருக்கும் எல்லாருமே வாத்தியாரைவிட மூத்தவர்கள் என்பதுதான். இந்த வேலை பார்த்தவர்கள் இதை வாசிக்கும்போதே தலையாட்டுவீர்கள். பிழை விட்டவரை அதட்ட முடியாது. அதட்டினால் நாளைக்கு அவர் கடைத்தெருவில் எங்கள் வாப்பாவைக் கண்டு, மகன் நன்றாகப் படிப்பிக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். வாப்பா இரண்டு நாளைக்கு என்னோடு கதைக்க மாட்டார்.

வாப்பா மாட்டு வண்டியில் நெல் ஏற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு தற்காலிக நியமனம். கல்முனையில் ஒரு பாடசாலை அறையில், மாலையில், அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் நடக்கும் முதியோர் வகுப்பு. மற்ற முதியோர் வகுப்புகளில் இருந்து பார்த்தும் எழுத்துப் பிடிபடாத ஏழு பேரைப் பொறுக்கி, புதிதாக வந்தவன் என்பதால் என்னிடம் தள்ளியிருந்தார்கள். ஊரில் அதற்கு ‘மொக்கு வகுப்பு’ என்று பெயர். பின்னாளில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இதைக் கற்றல் இடர்ப்பாடு என்று சொல்லித் தந்தார்கள். அப்போது எங்களிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். ஏழு பேரில் மூவர் தங்களைப் பற்றி எழுதச் சம்மதித்தார்கள். மற்ற நால்வரைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

வாங்கு

முதல் நாள் நான் வெள்ளைச் சேர்ட்டு போட்டு, பாடக் குறிப்பை இரண்டு தரம் எழுதிக்கொண்டு போனேன். அறையில் இருந்தவை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்குகள், குட்டைப் பெஞ்சுகள். ஏழு பேரும் முழங்கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்கள். செல்லத்துரை அண்ணன் கல்முனைக் கரையில் தோணி வைத்திருக்கும் மீன்பிடிகாரர், வாட்டசாட்டமான ஆள். அவர் உட்காரவே இல்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். நான் மூன்று தரம் இருக்கச் சொன்னேன். மூன்று தரமும் “பரவாயில்ல” என்றார்.

எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. அவ்வளவு பயந்த வாத்தியாராக இருந்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, வாங்கு உடைந்துவிடும் என்று பயந்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். அவர் அந்த வாங்கை ஒரு தரம் தடவிப் பார்த்தார். அடுத்த நாள் நான் வீட்டிலிருந்து நான்கு பன்பாய்கள் கொண்டுபோய்த் தரையில் விரித்ததற்கும், அதன் பிறகு எங்கள் வகுப்பு ஒருநாளும் வாங்கில் நடக்காததற்கும் காரணம், அன்று அவர் சொன்னதுதான்:

“தம்பி, சின்னதில நான் இந்த வாங்கில இருந்ததவிட ஏறி நிண்டதுதான் கூட.”

மெசின்

அலியார் காக்காவுக்கு (எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா) அப்போது நாற்பது வயதிருக்கும். வீடு சாய்ந்தமருதில், வேலை நாவிதன்வெளிப் பக்கத்து வயலில். அங்கே ஒரே வாய்க்காலில் பாயும் ஒரு வயல் வட்டைக்கு அவர்தான் வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை யாருக்கு எப்போது எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு. கடைமடைக் காணிக்கும் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது அந்த வட்டையில் ஒருவருக்கும் தெரியாது. பட்டியல் வாசிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அவருடைய மச்சான் பக்கத்தில் நின்று வாசித்துவிடுவார். அந்த மச்சான் சவூதிக்குப் போய்விட்டார். புதிதாக வந்த நீர்ப்பாசன உத்தியோகத்தரோ, இனிப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் காணிக்காரர் பட்டியலை வட்டவிதானையே எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று வாசிக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆளைத் தெரிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூட்டத்துக்கு எட்டு மாதம் இருந்தது.

வகுப்புக்கு வருவது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அவர் ஒரு வழி வைத்திருந்தார். வயலில் தண்ணீர் இறைக்கும் மெசினின் ஒரு பாகத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கெரியரில் கட்டிக்கொண்டு வருவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, கல்முனையில் கராஜுக்கு என்று பதில். கொப்பிகூட அந்தச் சாக்குக்குள்தான். மூன்றாம் மாதம் அவருடைய கொப்பியில் எண்ணெய் படாத பக்கம் ஒன்றும் இல்லை. ஒருநாள் பாடசாலைப் படலையடியில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் எங்களைக் கண்டுவிட்டார். காக்கா அசையவில்லை. நான்தான் வியர்த்துப்போனேன். வந்தவர் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மிகுந்த கவலையோடு சொன்னார்:

“இதுக்கு மருந்து கட்டினது காணும் காக்கா, புதுசொண்ட வாங்குங்க.”

தறியில் தெரிகிற அளவு

இஸ்மாயில் மருதமுனையில் தறி நெய்கிறவர். இருபத்தைந்து வயது. ஏழு பேரில் அவர் ஒருவர்தான் எனக்குக் கொஞ்சம் கிட்டிய வயது. கரும்பலகையில் தனியாக ஒரு சொல் எழுதினால் வாசித்துவிடுவார். அதே சொல் புத்தகத்தில் வந்தால் தெரியாது. நான் அது அக்கறைக் குறைவு என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் ஒருநாள் சொல்லியும் விட்டேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அடுத்த நாள் அவர் சீலைப் பெட்டியின் மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாக ஒரு வெட்டு. மட்டையைப் பக்கத்தின் மேல் வைத்தார், வெட்டுக்குள் தெரிந்த வரியை மெதுவாக வாசித்தார், மட்டையைக் கீழே தள்ளினார், அடுத்த வரியை வாசித்தார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மாதமாக நான் தேடிய வழி அது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். நெய்த சீலை பின்னால் சுருண்டு போய்விடும், நெய்ய வேண்டிய நூல் முன்னால் சுருண்டு கிடக்கும், கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு முழந்தான் என்று தறியை எனக்கு விளக்கினார். பட்டதாரி ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கக் கிடைத்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். அடுத்த வாரம் ஏழு பேருக்கும் ஏழு மட்டை வெட்டினோம்.

“முழுச் சீலையையும் ஒரேயடியா விரிச்சு வெச்சு நெய்யச் சொன்னா நானும் மொக்குத்தான் சேர்.”

கயிறு

செல்லத்துரை அண்ணனுக்கு எழுத்துகள் இடம்வலமாகத் திரும்பிவிடும். பென்சிலை அவர் பிடித்தால் முறியும். ஒருநாள் பாயில் இருந்தபடி, கையில் இருந்த நைலோன் கயிற்றை என்னவோ செய்துகொண்டிருந்தார். பார்த்தால் ‘க’. சரியான ‘க’. அதன் பிறகு நான் எழுத்துகளைக் கயிற்றில் முடிந்து பலகையில் ஒட்டிக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை விரலால் தடவிப் படித்தார். வலை முடிகிறவர் விரலைப் பார்த்துக்கொண்டு முடிவதில்லை என்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. ‘க’ முதல் ‘ன’ வரை பதினெட்டு எழுத்தையும் அவர் அப்படிப் பிடித்து முடித்த அன்று, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“மூடினா நிக்குது தம்பி, திறந்தாத்தான் ஓடுது.”

தலைமடை எந்தப் பக்கம்

அலியார் காக்காவுடைய விரல் பக்கத்தின் வலது ஓரத்தில் போய் நிற்கும். சின்ன வயதில் ஓதப்பள்ளிக்குப் போனவர். அங்கேயும் அவர் எழுத்தைப் பார்த்து ஓதவில்லை, பக்கத்துப் பிள்ளை ஓதுவதைக் காதால் பிடித்து ஓதினார். ஆனால் விரல் மட்டும் குர்ஆனின் வரியில் வலமிருந்து இடமாகப் போகப் பழகிவிட்டது. இங்கே தமிழ் வரிக்கும் அது அங்கேயே போய்த் தொடங்கியது. நான் ஒவ்வொரு நாளும் “இடது பக்கம், இடது பக்கம்” என்று சொன்னேன். அவருக்கு இடதும் வலதும் சொல்லும்போது மாறிப்போகும். அவர் கையைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக விரலை எங்கேயாவது கொண்டுபோய் வைப்பார்.

ஐந்தாம் மாதம் வரை இப்படியே போனது. ஒருநாள் வேறு வழியில்லாமல் அவருடைய கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் பச்சை மையால் கோடு போட்டு, இதுதான் வாய்க்காலின் தலைமடை, தண்ணீர் இங்கிருந்துதான் இறங்கும், அந்தக் கரை கடைமடை என்றேன். அவர் பச்சைக் கோட்டில் விரலை வைத்தார். வரியின் கடைசி வரை போனார். அடுத்த வரிக்குத் தானாகவே மறுபடி பச்சைக் கோட்டுக்கு வந்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் தராத வட்டவிதானையைக் காணிக்காரர் பார்க்கிற பார்வை அது.

“இத முதல்லயே சொல்லி இருந்தா, நான் ஏன், வாத்தியார், அஞ்சு மாசமாக் கடைமடையில நிண்டு காவல் காக்கன்?”

பட்டியல்

உத்தியோகத்தரின் கந்தோரில் டைப் அடித்த பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர்கள், பதிவு இலக்க வரிசையில் இருந்தன. நான் கவனமான ஆள் அல்லவா, அதை அகர வரிசைக்கு மாற்றினால் இலகு என்று முடிவு செய்து இரண்டு வாரம் மினக்கெட்டேன். ஆதம்பாவாவில் தொடங்கி ஐந்தாவது பெயருக்குப் போவதற்குள் காக்காவின் கழுத்து நனைந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சைக்கிளில் அவரோடு வட்டைக்குப் போனேன். வாய்க்கால் வரம்பில் நடந்தோம். அவர் வரம்பை வெட்டி வயலுக்குத் தண்ணீர் விடும் ஒவ்வொரு வக்கடையிலும் நின்று, இது இன்னாருடைய காணி, மண் மணல், தண்ணீர் நில்லாது; இது இன்னாருடையது, ஒரு மூலை பள்ளம்; இவர் தண்ணீர் வந்த பிறகுதான் வரம்பு கட்டுவார் என்று சொல்லிக்கொண்டே போனார். முப்பத்தெட்டும் வந்தன. ஒன்றும் விடவில்லை. பின்னால் நடந்த நான் அந்த வரிசையிலேயே எழுதினேன்.

எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்று உத்தியோகத்தர் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய தாளில் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்காலைக் கீறி, தண்ணீர் போகிற வரிசையில் பெயர்களை இரண்டு கரையிலும் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வக்கடை. ஆறு வாரத்தில் காக்கா அந்தத் தாளைத் தலைமடையிலிருந்து கடைமடை வரை விரலால் தொட்டு வாசித்தார். இஸ்மாயில் எழுந்து நின்று கை தட்டினார். செல்லத்துரை அண்ணன் ஒரு கும்பிளா மீனை ஓலையில் சுற்றி அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அன்று மாலை வாப்பாவிடம் இதைச் சொன்னேன். வாப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டார்:

“அப்ப இந்த வேலைக்கிக் கம்பஸ் படிப்பும் வேணும், வரம்பில நடக்கவும் வேணும் போல?”

மேற்பார்வை

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் வந்தார். என் நியமனத்தை நிரந்தரமாக்குவதா என்பது அவருடைய அறிக்கையைப் பொறுத்திருந்தது. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர். பாயையும் கயிற்றெழுத்தையும் வெட்டிய மட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அலியார் காக்கா தம்முடைய தாளை வாசித்தார். முப்பத்தெட்டும் சரி. மேற்பார்வையாளர் தாளின் நடுவில் ஒரு பெயரில் விரலை வைத்து, இது என்ன என்றார். காக்கா அந்தப் பெயரைப் பார்த்தார், மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தலைமடையிலிருந்து மறுபடி விரலை நகர்த்தத் தொடங்கினார். எனக்குத் தெரியும், யாராவது பக்கத்தில் நின்று கேட்டால் அவருக்கு எழுத்து ஓடிவிடும். ஆனால் அதை அந்த நேரத்தில் சொல்வது சாக்குச் சொல்வதாகப் படும் என்று விட்டுவிட்டேன்.

மேற்பார்வையாளர் என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். அன்று அவர் சொன்னதை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பெயர்களைத் தனித்தனி மட்டைகளில் எழுதிக் கலைத்துப்போட்டுக் காக்காவைச் சோதித்தேன். சில நாள் முக்கால்வாசி வந்தது, சில நாள் பாதி. நான் படிப்பிக்கிறேனா, அல்லது ஒரு நல்ல மனிதரை முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு முன்னால் ஏமாற்றுக்காரராக நிறுத்தப் போகிறேனா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வேப்பமரத்தடியில் மேற்பார்வையாளர் சொன்னதுதான் காதில் கிடந்தது:

“தம்பி, மனப்பாடமாக்கிறது வேற, வாசிக்கிறது வேற. அந்த வித்தியாசம் உமக்கே தெரியாட்டி அவருக்கு ஆர் சொல்லுவாங்க?”

பத்தொன்பதாவது பெயர்

கூட்டம் வட்டைக்குப் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. பழைய தாள் எண்ணெய்க் கறையாகிவிட்டதால் முந்திய நாள் நான் புதிதாக ஒரு பிரதி எழுதிக் கொடுத்திருந்தேன். அன்று மனம் ஒரு நிலையில் இல்லை. திருப்பிப் பார்க்கவும் இல்லை. மண்டபத்தின் கதவடியில் நின்றேன். உத்தியோகத்தர் பெயர் சொல்ல, அலியார் காக்கா எழுந்து தாளை விரித்தார். எல்லாரும் பார்க்க, விரலை வைத்துத்தான் வாசித்தார். ஒரு பெயர், ஒரு நிறுத்தம், அடுத்த பெயர். மச்சான் வாசித்த வேகம் இல்லை. முன் வரிசையில் யாரோ செருமினார்கள்.

பத்தொன்பதாவது பெயரில் நின்றுவிட்டார். விரல் நகரவில்லை. நான் மனதுக்குள் பெயரைச் சொன்னேன், உதுமாலெவ்வை, உதுமாலெவ்வை. ஆறு வாரம் அந்த இடத்தில் அவர் தடக்கியதே இல்லை. உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்தார். காக்கா விரலை ஒரு பெயர் மேலே கொண்டுபோனார், மறுபடி கீழே வந்தார், அதற்கும் கீழே ஒரு பெயர் போனார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: “ஐயா, இதில மீராசாகிபு முதல்ல கிடக்கு, உதுமாலெவ்வை மறுகா கிடக்கு. எழுதின வாத்தியார் தண்ணியத் திருப்பி மேட்டுக்கு ஏத்தி இருக்கார்.”

மண்டபம் சிரித்தது. பாடமாக்கிய வாய் என்றால், தாளில் என்ன இருந்தாலும் உதுமாலெவ்வை என்று சொல்லிக்கொண்டு போயிருக்கும். அவர் நின்றது தாளில் இருந்ததை வாசித்ததால். எந்த வாத்தியார் என்று உத்தியோகத்தர் கேட்டார். கந்தோர்க்காரர், தெரிந்த பெடியன் என்று காக்கா எதையாவது சொல்லியிருக்கலாம், ஒருவரும் தேடிப் பார்க்கப் போவதில்லை. அவர் கதவடியைக் காட்டினார். “அந்தா நிக்கிறார். எனக்கி வாசிக்கப் படிப்பிச்சவர்.” சிரிப்பு நின்றுவிட்டது. காக்கா உத்தியோகத்தரிடம் பேனையை வாங்கி, இரண்டு பெயருக்கும் நடுவில் தாமே ஓர் அம்புக்குறி போட்டு, பத்தொன்பதாவதிலிருந்து கடைமடை வரை வாசித்து முடித்தார். வேறு பெயர் பிரேரிக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது ஒருவரும் எழும்பவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கியவர்கள் கடைமடைக் காணிக்காரர்கள்.

வெளியே வந்தபோது, அன்று பாடசாலைப் படலையடியில் எங்களைக் கண்ட அந்த ஊர்க்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னையும் காக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு மாதமாகச் சாக்கைக் கட்டிக்கொண்டு போனது மெசினைத் திருத்த இல்லையா என்று கேட்டார். அலியார் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வெட்கமும் இல்லாமல் பதில் சொன்னார்:

“மெசின் நல்லாத்தான் இரிக்கி தம்பி, எனக்குத்தான் திருத்த வேல கிடந்தது.”

நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் நான் சரியாக எழுதியவற்றால் யாருக்காவது பயன் வந்ததாக இதுவரை தெரியவில்லை, பிழையாக எழுதிய ஒரே ஒரு வரிதான் என்னை வாத்தியார் ஆக்கியது.